பேனா வைக்காதவர்

“ஏனுங்க, இந்தப் புள்ளைக்குத் துப்பாக்கியப் பத்தி என்னங்க தெரியும்? தீவாளித் துப்பாக்கியாச்சும் புடிச்சிருக்குமா?”

கேள்வி என்னைப் பற்றியது. கேட்டது என் பக்கத்தில் நின்றவரிடம். அன்னூரைத் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டின் முன்கூடம் அது. மேசையில், மடித்த போர்வைமேல், ஒரு பழைய பட்டாளத் துப்பாக்கி கிடந்தது. கேட்டவர் அந்த வீட்டுக்காரர். எங்கள் அய்யன் அவருடைய தோட்டத்தில் பல வருடம் தண்ணீர் கட்டியவர். அவரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் பக்கத்தில் நின்றவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார்.

“துப்பாக்கி தெரியாதுங்க. அளவு தெரியுமுங்க. அது போதாதுங்களா?”

அந்த வீட்டு வாசலுக்குள் எனக்காக ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. அன்று இரவே ஊருக்குப் போய் அம்மாவிடம் அதை இரண்டு முறை சொல்லிக் காட்டினேன். இப்போது அந்த வாக்கியத்தை எடுத்துப் பார்க்கிறேன். என்னைப் பற்றி அதில் இரண்டு உறுதிகள் இருக்கின்றன. துப்பாக்கியைப் பற்றி ஒன்றுமே இல்லை.

அவர் அப்படித்தான் பேசுவார். பழைய பொருள்களைப் பார்த்து, எது அசல், எது பிற்பாடு மாற்றியது என்று தெரிந்துகொள்வது அவர் தொழில். தெரிந்துகொள்வார், சொல்லமாட்டார். நம் வாயால் சொல்ல வைப்பார்.

பீளமேட்டில் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அளவீட்டு லேபில் நான் வேலை பார்க்கிறேன். பம்ப் கம்பெனிகளும் லேத் பட்டறைகளும் தங்கள் அளவுக் கருவிகளை அங்கே அனுப்புவார்கள். அவை சரியாக அளக்கின்றனவா என்று சோதித்து, மேலே எண் அடித்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அய்யனுக்கும் அம்மாவுக்கும் பெருவிரல்தான் கையெழுத்து. ரேஷன் கடையில் எல்லாரும் மெஷினில் விரல் வைக்கத் தொடங்கிய பிறகு அய்யன் சொன்னார்: “பாத்தியா கண்ணு, ஊரே இப்பத்தான் என்ற வழிக்கு வருது.”

என் கையெழுத்தின் மேல் எனக்குக் கர்வம் உண்டு. முழுப் பெயரையும் எழுதி, அடியில் ஒரு கோடு இழுப்பேன். அந்தக் கர்வத்தை முதல் நாளே அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் அவர் கொண்டுவந்தது ஒரு பித்தளைத் தராசு. நாற்பத்தைந்து வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை. வெளியில் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். கூட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு வழிவிட்டு, “நீங்க கூட்டுங்கக்கா, நான் இருக்கறேன்” என்று சுவரோரம் நின்றார். அந்த அக்காவை எங்கள் லேபுக்கு வருகிற யாரும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. நான் உட்பட.

“அம்மணி, இந்தத் தராசுல என்னமோ ஒண்ணு ஒட்டலைங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க பாத்துச் சொல்றீங்களா?”

பார்த்தேன். இரண்டு தட்டுகளில் ஒன்றின் விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே தடிமன். இன்னொன்று கையால் தட்டியது, இடத்துக்கு இடம் மாறியது. முதல் தட்டு பிற்பாடு மெஷினில் செய்து மாட்டியது என்றேன்.

“அப்படீங்களா!” என்றார். அவ்வளவு வியப்பு அந்தக் குரலில். அது அவருக்கு வரும்போதே தெரியும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

அவர் சட்டைப் பையில் மடக்கு பூதக்கண்ணாடி ஒன்று இருக்கும். பேனா இருக்காது. கூரியர்காரர் தாளை நீட்டினால், “கண்ணாடி கொண்டாரலைங்க, நீங்களே ஒண்ணு போட்டுருங்க” என்பார், பூதக்கண்ணாடி பையில் துருத்திக்கொண்டிருக்கும்போதே. வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டில் அவர் வந்த நாள்களிலெல்லாம் ‘தராசுக்காரர்’ என்று என் எழுத்தில்தான் இருக்கிறது. அதை நாங்கள் வேடிக்கையாகத் தொடங்கினோம்.

வரவேற்பில் இருக்கும் அக்கா ஒரு நாள் கேட்டே விட்டார். “ஏனுங்க, உங்களுக்குக் கையெழுத்துப் போட வருமா, வராதா?”

“வருமுங்க. ஆனா அம்மணி மாதிரி அழகா வருமுங்களா?”

எல்லாரும் சிரித்தோம். நான்தான் கூடுதலாகச் சிரித்தேன்.

பிறகு பூட்டு வந்தது, சுவர்க் கடிகாரம் வந்தது, தையல் மெஷின் ஒன்று வந்தது. ஒவ்வொன்றிலும் மாற்றிய பாகத்தை நான் கண்டுபிடிப்பேன். அவர் கேள்விகள் மட்டும் கேட்பார். “எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கோணுமில்லீங்களா?” “வெளிய பழசா இருக்குது, உள்ள திருகு புதுசா மினுங்குதுங்களே?” அவர் கேள்விகள் எப்போதும் சரியான இடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பதிலை எழுதிக் கையெழுத்துப் போடுவது நான். பில் பொருளின் சொந்தக்காரர் பெயரில் போகும். அவர் எதிலும் இருக்கமாட்டார்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது பெரியாஸ்பத்திரிக்கு அவர் வந்தார். ஃபிளாஸ்க்கில் கம்பங்கூழ், தனியாக மோர், சின்ன வெங்காயம். அய்யனோடு ஒரு மத்தியானம் முழுவதும் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். ‘வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா’ என்று அய்யனைக் கேட்டார். அவர் கிளம்பிய பிறகு அய்யன் மெதுவாகச் சொன்னார்: “இத்தன மருவாதியா என்கிட்ட ஆரும் பேசுனதில்ல கண்ணு. எனக்குக் கூச்சமாப் போச்சு.”

அந்த மத்தியானத்தை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதில் பொய் எங்கே இருக்கிறது என்று எவ்வளவோ தேடிவிட்டேன். கூழ் உண்மையான கூழ். அம்மா குடித்தார்.

துப்பாக்கி அதற்குப் பிறகு வந்தது.

பண்ணாடியுடைய தாத்தாவின் அப்பன் முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர். அவருடைய பட்டாளப் புத்தகம், உள்ளங்கை அளவு இருக்கும், அந்த வீட்டுப் பூஜை அறையில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பக்கத்தில் அவருக்குக் கொடுத்த துப்பாக்கியின் எண் எழுதியிருக்கிறது. அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் போனபோது தராசுக்காரருக்கு அந்தப் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். நாலு மாதம் கழித்து இவர் அவர்களைக் கூப்பிட்டார். கேரளாப் பக்கமிருந்து ஒரு துப்பாக்கி வந்திருக்கிறது, குழலை அடைத்து, சுடும் ஊசியை எடுத்து, காட்சிக்கு மட்டும் என்று காகிதம் இருக்கிறது, நம்பர் என்னவோ பார்த்த மாதிரி இருக்கிறது, “வந்து பாக்கறீங்களா?”

அதே எண்.

பண்ணாடி உடனே நம்பிவிடவில்லை. படித்த ஆள் ஒருவர் சோதித்து எழுதித் தரட்டும் என்றார். “எங்க லேப் அம்மணி இருக்குதுங்களே” என்று இவர் என்னைக் கூட்டிப்போனார். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுதியது அந்த நாளைத்தான்.

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வகைத் துப்பாக்கியில் ஒரே எண் நான்கு இடங்களில் இருக்கும்: குழல் பொருந்தும் உடல், பின்னால் இழுத்துத் தள்ளும் போல்ட், குறி பார்க்கும் தகடு, முன்மூக்கில் இருக்கும் இரும்புத் தொப்பி. நான்கும் ஒன்றாக இருந்தால் எல்லாம் கூடவே பிறந்தவை. ஒன்று வேறாக இருந்தால் அது எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. நான்கிலும் எண் ஒன்றாக இருந்தது. எழுத்தின் உயரம் சரி, ஆழம் சரி.

முன்மூக்குத் தொப்பியைப் பிடித்திருந்த ஸ்க்ரூவுக்கு வந்தபோது நின்றேன். தலையில் இருந்த வெட்டு சற்று அகலம். கழற்றி, லேபுக்குக் கொண்டுபோய், நிழலைப் பெரிதாக்கும் கருவியில் வைத்தேன். அந்தக் காலத்து ஆங்கிலேய ஸ்க்ரூவின் பல்லுக்குக் கோணம் ஐம்பத்தைந்து பாகை. இது அறுபது. காந்திபுரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கிற ஸ்க்ரூ!

நான் துள்ளிக் குதிக்காத குறை. பண்ணாடியிடம் போய், “இந்த ஒரு ஸ்க்ரூ மட்டும் மாத்துனதுங்க” என்றேன். இவர் கைகளைப் பின்னால் கட்டியபடி, “அப்படீங்களா!” என்றார்.

பண்ணாடி என்னைப் புதிதாகப் பார்த்தார். “கொறையையும் சொல்லுது பாருங்க. அப்ப மத்தது நெசமாத்தான் இருக்கோணும்.” அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போது அவர் வாயில் ‘ங்க’ வந்தது.

அந்த ஸ்க்ரூவை நான் கண்டுபிடிக்கவேண்டும் என்றே அங்கே மாட்டியிருந்தார்கள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். போல்ட்டில் எண் இருந்த இடம், சுற்றியிருந்த இரும்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. நான்கைந்து மயிரிழை கனம். அளந்தேன், குறித்தேன், அவரைப் பார்த்தேன்.

“நூறு வருசம் கை பட்டா தேயாதுங்களா?” என்றார்.

ரிப்போர்ட்டில் ‘தேய்மானம்’ என்று எழுதினேன். என் அறிவு சொன்னதை அவருடைய கேள்வி மூடியது. மூட விட்டது நான்.

என் ரிப்போர்ட்டை நம்பிப் பண்ணாடி துப்பாக்கியை விலை கொடுத்து வாங்கினார். விழா வைத்தார்கள். முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து துப்பாக்கியை வைத்தார்கள். பக்கத்துச் சுவரில் பட்டாளப் புத்தகத்தின் படம், அதற்குப் பக்கத்தில் சட்டம் போட்டு என் ரிப்போர்ட். அய்யனையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அய்யன் வழக்கம்போல வாசல் வேப்பமரத்தடிக்குப் போனார். பண்ணாடியே வெளியே வந்து, “இங்க வாங்க, உள்ள வந்து உக்காருங்க” என்றார். முன்வரிசையில் பிளாஸ்டிக் சேர். அய்யன் அதன் நுனியில், எப்போது எழச் சொல்வார்களோ என்பதுபோல உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு அந்தச் சுவரருகே போனார்.

“இதுல உம்பேரு எது கண்ணு?”

காட்டினேன். அய்யன் கண்ணாடிமேல் விரலை வைத்து, எழுத்தின் மேலேயே கடைசிக் கோடு வரைக்கும் இழுத்தார்.

“இம்புட்டு நீளமா?” என்றார்.

தராசுக்காரர் கூட்டத்தின் பின்னால் நின்றார். போட்டோ எடுக்கும்போது எல்லாரும் கூப்பிட்டார்கள். “அம்மணி நிக்கட்டுமுங்க, நான் எதுக்குங்க?” என்று நகர்ந்துகொண்டார். என்ன ஒரு பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன்.

ஏழு மாதம் கழித்து, கணபதியில் ஒரு பட்டறையிலிருந்து நாங்கள் எண் அடித்துக் கொடுத்த கேஜ் ஒன்று திரும்பி வந்தது. ஆறு சரியாக விழவில்லை, பூஜ்யம்போல, ஐந்துபோலத் தெரிகிறது என்று புகார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஆறின் வயிற்றில், அடியில், முடி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் ஓரத்தில் கொக்கிபோல ஒரு பிசிறு. எண் அடிக்கும் எங்கள் பஞ்ச் எங்கோ விழுந்து முனை உடைந்திருக்கிறது.

இரும்பில் எண் அடிக்கும் பஞ்ச் பெட்டியில் பத்து எண்ணுக்கும் சேர்த்து ஒன்பது பஞ்ச்தான் இருக்கும். ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒன்றே. தலைகீழாகப் பிடித்து அடித்தால் ஒன்பது. அதனால் எங்கள் ஒன்பதிலும் அதே உடைசல், உச்சந்தலையில்.

அதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. உட்கார்ந்து யோசிக்கத் தேவைப்படவில்லை. கை தானாகவே கம்ப்யூட்டரில் என் பழைய ரிப்போர்ட்டைத் திறந்தது. போல்ட்டில் இருந்த எண்ணின் படத்தைப் பெரிதாக்கினேன். அந்தப் பட்டாளத்துக்காரரின் எண்ணில் ஓர் ஆறு உண்டு, ஓர் ஒன்பது உண்டு. ஆறின் அடியில் இடைவெளி, ஓரத்தில் கொக்கி. ஒன்பதின் உச்சியில் இடைவெளி, ஓரத்தில் கொக்கி. உடலில், குறித்தகட்டில், முன்மூக்கில், எல்லாவற்றிலும். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். இம்மிகூட விலகாமல் பொருந்தின.

பழைய எண்ணை அரைத்து எடுத்துவிட்டு, பூஜை அறையில் பார்த்த எண்ணை அடித்திருக்கிறார்கள். அடித்தது என் மேசையிலிருந்த பஞ்சால்.

கருவிகளை வெளியே கொடுக்கும் நோட்டை எடுத்தேன். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. “பழைய எடைக்கல்லு ஒண்ணுக்கு நம்பர் அடிக்கோணுமுங்க, அந்தப் பொட்டிய ரெண்டு நாளைக்குத் தாரீங்களா?” என்று தராசுக்காரர் கேட்டிருந்தார். நோட்டில் எழுத்து என்னுடையது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்திலும் என் கையெழுத்து, அடியில் கோட்டோடு. துப்பாக்கி அன்னூருக்கு வந்தது அதற்கு மூன்று வாரம் பிற்பாடு.

ரிப்போர்ட்டில் நான். நோட்டில் நான். போட்டோவில் நான். யாராவது விசாரித்தால் இந்த மோசடியில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறாள்.

அவருக்குப் போன் செய்தேன்.

“சொல்லுங்க அம்மணி. அம்மா நல்லா இருக்காங்களா?”

“அந்தத் துப்பாக்கியில இருக்கற நம்பர் எங்க லேப் பஞ்ச்சுல அடிச்சதுங்க.”

எங்கோ பஸ் ஹாரன் அடித்தது.

“அப்படீங்களா?”

அதே குரல். அதே வியப்பு.

“நீங்கதானுங்க பொட்டிய வாங்கிட்டுப் போனீங்க.”

“நோட்டுல ஆரு பேருங்க இருக்குது?”

“நீங்க என்னைய ஏமாத்திப்போட்டீங்க.”

“அம்மணி, அது அசலுன்னு நான் எப்பவாச்சும் சொன்னனுங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசித்தேன். இரண்டு வருடப் பேச்சையும் உதறிப் பார்த்தேன். சொன்னதில்லை.

“அந்த ஊட்டுல எல்லாரும் சந்தோசமா இருக்காங்க. உங்கய்யன் முன்வரிசையில உக்காந்துட்டாரு. நல்லா இருக்கறத எதுக்குங்க கலைக்கறீங்க? அப்பறம் உங்க படிப்புக்கு என்னங்க மருவாதி?”

வைத்துவிட்டார். கடைசி வரைக்கும் ‘ங்க’ விடவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தபோது அவர் அய்யனைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, அளந்துகொண்டிருந்தாரா? ஒரு சேருக்காக எங்கள் வீடு எவ்வளவு தூரம் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று அன்றே கணித்துவிட்டாரா? பொருள்களில் ஒட்டாத இடத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மனிதர்களிடம் தெரியாமலா இருக்கும்?

ஊருக்குப் போய்ச் சொன்னேன். அம்மாதான் முதலில் பேசினார். “உனக்கு மட்டுந்தான தெரியும்? பேசாம இரு. அந்தக் கண்ணாடிப் பொட்டியத் தொறந்து ஆரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறா?”

அய்யன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பண்ணாடி இப்பத்தான் என்னைய ‘வாங்க’ங்கறாரு,” என்றார். “நாப்பது வருசங்கழிச்சு.”

“தெரியுமுங்கய்யா.”

“சொல்லித்தான் ஆவோணுமா?”

“என்ற பேரு அந்தச் செவுத்துல இருக்குதுங்கய்யா. பொய்க்குக் கீழ இருக்குது.”

அய்யன் என்னை வாழ்த்தி அனுப்பவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டார். விடிந்து நான் கிளம்பும்போதும் அவர் எழவில்லை. அம்மா மட்டும் பஸ் ஸ்டாப் வரை என்னோடு வந்தார்.

முதலில் லேப் முதலாளியிடம் சொன்னேன். நோட்டைக் காட்டினேன், படங்களைக் காட்டினேன். “உன் வேலை இருக்குமா, போகுமான்னு இப்ப என்னால சொல்ல முடியாதும்மா” என்றார். சரி என்றேன்.

பிறகு பண்ணாடி வீடு. இரண்டாவது ரிப்போர்ட்டையும், பெரிதாக்கிய படங்களையும், எங்கள் பஞ்ச்சில் தகரத்துண்டில் அடித்த ஆறையும் ஒன்பதையும் மேசையில் வைத்தேன். தேய்மானம் என்று எழுதியது என் தவறு என்று சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, நான்கு எண்ணையும் ஒவ்வொன்றாகத் தானே பார்த்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“தெனமும் காலைல இதுக்கு ஒரு பூ வெச்சுக் கும்புட்டுட்டு இருந்தேன் புள்ள,” என்றார். “எவன் கையில இருந்தது இது?”

அரைத்த இரும்பிலிருந்து பழைய எண்ணைப் படிக்க எனக்குத் தெரியாது. புகார் கொடுக்க என்னோடு வருகிறீர்களா என்று கேட்டேன். சிரிப்பாய்ச் சிரித்துவிடுவார்கள், நான் வரவில்லை என்றார். “நீ போறதுன்னா போ.” ‘ங்க’ போய்விட்டிருந்தது. சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். துப்பாக்கியில் எண்ணை அழித்து வேறு எண் அடிப்பது குற்றம். அதை அடித்த பஞ்ச் என் பொறுப்பில் இருந்தது என்று எழுதினேன். ரைட்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இதுல உங்க கையெழுத்துதாம்மா எல்லா எடத்துலயும் இருக்குது. நீங்களே வந்து மாட்டிக்கறீங்களே?”

“ஆமாங்க,” என்றேன். “ஒரு பேரு விட்டுப்போயிருக்குது. அதையும் எழுதத்தான் வந்தேன்.”

போன பொங்கலுக்கு அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். தெரு தெரியும், கதவு எண் தெரியும், அவருடைய அப்பா பெயரும் தெரியும். இந்தக் கட்டுரையில் அவர் பெயரை நான் எழுதவில்லை. நேற்று அந்தத் தாளில் எழுதிவிட்டேன். மேலே என் பெயர். அதன் கீழே, முழுதாக, எழுத்து எழுத்தாக, அவருடையது. மனு ரசீது என் பையில் இருக்கிறது.